தொட்டில் பிந்தலாம், விண்ணப்பம் பிந்தக்கூடாது

பிறக்கப்போகும் பிள்ளைக்கு முன்கூட்டியே எதையும் வாங்கி வைக்கக்கூடாது என்பது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் நிலைத்திருக்கும் வழக்கம். பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வந்த பிறகுதான் தொட்டில். முப்பது நாள் கழிந்த பிறகுதான் புதுத்துணி. அதுவரை துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய வேட்டியும் சேலையுமே குழந்தைக்கு உடுப்பு. பேறுகாலச் சாவுகள் மிகுந்திருந்த காலத்தின் அச்சத்தில் பிறந்த வழக்கம் இது. ஆனால் அச்சத்தோடு நல்ல சிக்கனமும் அதற்குள் இருந்தது: தேவை கண்ணுக்குத் தெரிந்த பிறகே செலவு. ஜெர்மனியில் பிள்ளை பெறும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த விதி பெரும்பாலும் பொருந்துகிறது. ஒரே ஓர் இடத்தில்தான் அதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். பொருள் வாங்குவதைப் பிள்ளை பிறக்கும் வரை தள்ளிப்போடலாம். தாள் எழுதுவதைத் தள்ளிப்போட முடியாது. நடைமுறையில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. ஐந்தாம் மாதத்தில் தள்ளுவண்டி வந்துவிடுகிறது, விண்ணப்பங்களோ பிரசவம் முடிந்து தூக்கமில்லாத இரவுகளில்தான் நினைவுக்கு வருகின்றன. குடும்பத்தின் பணம் கசிவது இந்த வரிசை மாறிப்போவதால்தான்.

பேர்லினின் நொய்கெல்ன் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1980களின் முற்பகுதியில் ஈழத்தமிழர் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸே நிலையம் வழியாக மேற்கு பேர்லினுக்குள் அகதிகளாக நுழைந்தார்கள். அவர்கள் எழுப்பிய ஸ்ரீ மயூரபதி முருகன் கோயில், 2013இல் குடமுழுக்குக் கண்டு, நொய்கெல்னின் பிரிட்ஸ் பகுதியில் பிளாஷ்கோஅல்லே சாலையில் நிற்கிறது. இன்று அவர்களுடைய பிள்ளைகளும், இந்தியாவிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்த இளம் தம்பதிகளும் அங்கே குடும்பம் நடத்துகிறார்கள். ஒரு காலத்தில் மலிவான வட்டாரம் என்று பெயர் பெற்ற நொய்கெல்னில், கடந்த பதினைந்து ஆண்டுகளில் வாடகை ஏறிய வேகம் பேர்லின்வாசிகள் எல்லாரும் அறிந்தது. பிள்ளைக்காகப் பெரிய வீடு தேடுவது பலருக்குக் கனவாகவே இருப்பதால், இரண்டு அறைக்குள்தான் மூன்றாவது ஆளுக்கு இடம் காண வேண்டியிருக்கிறது. அங்கே வேண்டாத பொருள் ஒவ்வொன்றும் பணத்தோடு சேர்த்து இடத்தையும் தின்கிறது.

செலவு உண்மையில் எங்கிருந்து வருகிறது? ஒரு பிள்ளையுள்ள தம்பதியர் அந்தப் பிள்ளைக்காக மாதம் சராசரியாக 763 யூரோ செலவிட்டார்கள் என்று ஜெர்மன் புள்ளிவிவரத் துறை 2018ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. அதன் பெரும்பகுதி உணவு, உடை, வீட்டில் பிள்ளைக்குரிய இடம் ஆகிய அன்றாடச் செலவுகள். பெற்றோரின் வருமானம் கூடக்கூட இந்தத் தொகையும் கூடுகிறது என்பதையும் அந்தக் கணக்கு காட்டியது. ஆக, செலவைத் தீர்மானிப்பதில் பிள்ளையின் தேவைக்கு உள்ள பங்கு பெற்றோரின் பணப்பைக்கும் இருக்கிறது. இதைவிடப் பெரிய அடி வருமானப் பக்கத்திலிருந்து விழுகிறது. வேலையிலிருந்து விடுப்பு எடுக்கும் தாய்க்கோ தந்தைக்கோ அரசு தரும் எல்டர்ன்கெல்ட் எனும் பெற்றோர் உதவித்தொகை, பெரும்பாலோருக்கு முந்தைய நிகர வருமானத்தில் 65 விழுக்காடு. குறைந்தது 300 யூரோ, அதிகம் போனால் 1,800. மாதம் 1,800 யூரோ கையில் வாங்கிய தாய்க்கு 1,170 யூரோதான் வரும். பிரசவத்துக்குப் பிந்திய எட்டு வாரம் பேறுகாலப் பாதுகாப்பில் கழிவதால் அப்போது சம்பள அளவுக்குப் பணம் வரும். மீதிப் பத்து மாதத்தில் மட்டும் 6,300 யூரோ குறைகிறது. இரண்டு சம்பளமும் முழுதாக வரும் கடைசிக் காலம் கர்ப்ப மாதங்களே. அதைக் கடைத்தெருவில் கரைத்துவிட்டால் அடுத்த ஆண்டு கடன் அட்டையில்தான் கழியும்.

அதனால்தான் தாள்கள் முதலில். இவற்றில் சிலவற்றின் கெடு கர்ப்பம் தெரிந்த உடனேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. எல்டர்ன்கெல்ட் நிகர வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், மணமான தம்பதியர் விடுப்பு எடுக்கப்போகிறவரின் வரி வகுப்பைச் சாதகமாக மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பேறுகாலப் பாதுகாப்பு தொடங்கும் மாதத்துக்கு முன் ஏழு மாதமாவது புதிய வகுப்பு நடப்பில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்போ பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கிவிடும். எனவே கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே வரித்துறைக்கு எழுதியாக வேண்டும். வருமானம் போதாத குடும்பங்களுக்கு, 1984இல் தொடங்கப்பட்ட ‘தாயும் சேயும்’ கூட்டாட்சி அறக்கட்டளை கர்ப்பகால உடை, குழந்தைக்கான முதல் பொருள்கள் ஆகியவற்றுக்கு உதவுகிறது. குடியுரிமை எதுவாக இருந்தாலும் ஜெர்மனியில் வாழும் கர்ப்பிணிப் பெண் கேட்கலாம். ஆனால் கர்ப்பகால ஆலோசனை நிலையம் ஒன்றின் வழியாக, பிள்ளை பிறக்கும் முன்பே கேட்க வேண்டும். பிறந்த பின் கேட்டால் கதவு மூடியிருக்கும். ஜாப்சென்டர் எனும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வாழ்வாதார உதவியில் இருப்பவர்களுக்குப் பதின்மூன்றாம் வாரம் முதல் 17 விழுக்காடு கூடுதல் தொகையும், பிள்ளைக்கு வேண்டிய முதல் பொருள்களுக்குத் தனி உதவியும் சட்டப்படி உண்டு. குடும்பக் காப்பீட்டில் இருந்துகொண்டு மினிஜாப் எனும் குறைந்த ஊதியச் சிறுவேலை செய்யும் பெண்கள் சமூகப் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அலுவலகத்திடம் 210 யூரோ வரை பெறலாம். இந்த ஒன்று பலர் காதுக்கே எட்டுவதில்லை.

பிறந்த பிறகு கேட்பவற்றுக்கும் கெடு உண்டு. கிண்டர்கெல்ட் எனும் பிள்ளை உதவித்தொகை 2026 ஜனவரி முதல் மாதம் 259 யூரோ. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்திய ஆறு மாதத்துக்கு மட்டுமே பின்தேதியிட்டுக் கொடுப்பார்கள். ஓராண்டு மறந்திருந்தால் ஆறு மாதப் பணம், 1,554 யூரோ, திரும்பி வராது. ஒரு நல்ல தள்ளுவண்டியைப் பாதி விலைக்கு வாங்க மாதக்கணக்கில் தேடி மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய தொகை அது. எல்டர்ன்கெல்ட்டுக்குப் பின்தேதி மூன்று மாதம்தான். இந்த விண்ணப்பங்களின் பெரும்பகுதியைப் பிரசவத்துக்கு முன்பே நிரப்பி, சம்பளச் சான்றுகளை இணைத்து, பிள்ளையின் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் மட்டும் இடம் விட்டு வைக்கலாம். பிறப்புச் சான்றிதழ் வந்த அன்றே தபாலில் சேர்த்துவிட முடியும். வீட்டு வாடகை உதவியை 2023 ஜனவரியில் அரசு விரிவாக்கியது. முன்பு தகுதி பெறாத குடும்பமும், ஆள் ஒன்று கூடியதும் தகுதி பெறக்கூடும். குறைந்த வருமானமுள்ள பெற்றோருக்குப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 297 யூரோ வரை கூடுதல் உதவி தரும் கிண்டர்ட்சூஷ்லாகும் அப்படியே. இவற்றையும் அந்த நேரத்தில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

காப்பீடு ஏற்கெனவே தரும் சேவைகளைக் காசு கொடுத்து வாங்குவதும் வீண் செலவே. பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு ஹெபாம்மே எனும் மருத்துவச்சியின் சேவை முழுவதும் இலவசம். பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாள் தினமும், பிறகு பன்னிரண்டு வாரம் வரை தேவைக்கேற்பவும் வீட்டுக்கே வருவார். பேர்லினில் அவர்கள் கிடைப்பது அரிது என்பதால் மூன்றாம் மாதத்திலேயே தேடத் தொடங்க வேண்டும். தாய்ப்பால் எடுக்கும் மின்கருவியை மருத்துவர் சீட்டு எழுதித் தந்தால் மருந்துக்கடையில் வாடகைக்குப் பெறலாம். காப்பீடு பணம் கட்டும். கர்ப்ப காலத்தின் மூன்று அடிப்படை ஸ்கேன்களும் காப்பீட்டில் அடங்கும். மருத்துவத் தேவை இல்லாமல் பிள்ளையின் முகம் பார்க்க மட்டும் செய்யும் ஸ்கேனை 2021 ஜனவரி முதல் ஜெர்மனி தடைசெய்தேவிட்டது. குழந்தைக் காப்பகத்துக்கென்று பெருந்தொகை சேர்க்க வேண்டிய கவலையும் பேர்லினில் இல்லை. 2018 ஆகஸ்ட் முதல் இங்கே காப்பகக் கட்டணம் கிடையாது. உணவுக்கு மாதம் 23 யூரோ கொடுத்தால் போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். உழைத்துச் சாப்பிடுகிற நாம் அரசிடம் கை நீட்டுவதா? அது நம் விசாவையோ குடியுரிமையையோ பாதிக்காதா? முதல் கேள்வி மானம் பற்றியது. எல்டர்ன்கெல்ட்டும் கிண்டர்கெல்ட்டும் கோடீஸ்வரரின் மேலாளரும் அவர் அலுவலகத்தைக் கூட்டுபவரும் ஒருசேர எழுதிக் கேட்கும் பணம். நாம் மாதந்தோறும் கட்டும் வரியிலிருந்து வருவது. அதைக் கேட்காமல் விடுவதால் யாருக்கும் மானம் கூடிவிடாது. இரண்டாவது கேள்வி நியாயமானது. ஜாப்சென்டர் தரும் வாழ்வாதார உதவி வதிவிட உரிமையிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் எடைபோடப்படும். அதை வாங்கும் முன் ஆலோசனை கேட்பது நல்லது. ஆனால் கிண்டர்கெல்ட், கிண்டர்ட்சூஷ்லாக், எல்டர்ன்கெல்ட் ஆகியவற்றை அப்படிப் பாதகமாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று வதிவிடச் சட்டமே சொல்கிறது. எல்லா உதவிகளையும் ஒரே கூடையில் போட்டுப் பயப்படுவதால்தான் உரிமையான பணமும் கைவிட்டுப் போகிறது.

மொழி தெரியாது, தாள் வேலை புரியாது என்பது அடுத்த மறுப்பு. இதற்கு நொய்கெல்னே ஒரு விடை கண்டது. 2004இல் அங்கே ‘ஷ்டாட்டைல்முட்டர்’, அதாவது வட்டாரத் தாய்மார் என்ற திட்டம் தொடங்கியது. புலம்பெயர்ந்த தாய்மார் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைப் போன்ற மற்றக் குடும்பங்களின் வீடுகளுக்கே அனுப்பினார்கள். கழுத்தில் சிவப்புத் துணி அணிந்து வரும் அவர்கள் பிள்ளை வளர்ப்பு, உடல்நலம், அரசு உதவி என்று பல சந்திப்புகளில் எடுத்துச் சொல்வார்கள். அங்கே உருவான அந்த முறையைப் பேர்லினின் மற்ற வட்டாரங்களும் டென்மார்க் போன்ற நாடுகளும் பின்பற்றின. துருக்கி, அரபு மொழிக் குடும்பங்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய திட்டம்தான் அது. ஆனால் அதன் பாடம் நமக்கும் உரியது. ஒருமுறை படிவம் நிரப்பிய தாய், அடுத்த தாய்க்குக் கற்றுக்கொடுக்கலாம். கோயில் மண்டபத்திலும் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் வாரம் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கினால் எத்தனையோ குடும்பங்களின் பணம் தப்பும்.

இனிப் பொருளுக்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு வேண்டியவை உண்மையில் மிகக் குறைவு: பால், கதகதப்பு, சுத்தமான துணி, பாதுகாப்பான படுக்கை, பெற்றோரின் கை. 56 அளவுச் சட்டை சில வாரத்தில் சிறுத்துவிடும். அதற்குள் அதைப் பத்துமுறைகூடப் போட்டிருக்க மாட்டோம். அதனால்தான் ஜெர்மனியில் குழந்தைப் பொருளுக்கான பழம்பொருள் சந்தை அவ்வளவு செழிப்பாக இருக்கிறது. க்ளைன்அன்ட்சைகன் எனும் இணைய விளம்பரத் தளத்தில் தெருப்பெயரைக் கொடுத்துத் தேடினால் நடந்துபோகும் தூரத்திலேயே தள்ளுவண்டியும் கட்டிலும் கிடைக்கும். தேவாலயங்களிலும் காப்பகங்களிலும் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் குழந்தைப் பொருள் சந்தை கூடும். நகரின் குப்பை நிறுவனமான பேஎஸ்ஆர், 2020இல் ரைனிக்கென்டார்ஃபில் ‘நொக்மால்’ என்ற பெயரில் பழம்பொருளுக்கென்றே ஒரு பேரங்காடியைத் திறந்தது. நொய்கெல்ன் தெருவோரங்களில் வீசப்பட்டுக் கிடக்கும் மெத்தைகளும் அலமாரிகளும் அவசரமாக வாங்கி அவசரமாகக் கழித்த பொருள்களே. வட்டார நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் போராடும் தொல்லை அது. வீட்டில் கழிக்க வேண்டியது இருந்தால் கிராடெஸ்ட்ராஸே மறுசுழற்சி நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கலாம். நல்ல நிலையில் இருந்தால் விற்று, அந்தப் பணத்திலேயே கட்டில் வாங்கலாம்.

தலைப்பிள்ளைக்குப் பழசா என்று மாமியார்கள் கேட்பார்கள். அவர்களுடைய தாய்மாரே பேரப்பிள்ளையைப் பழைய வேட்டியில்தான் ஏந்தினார்கள் என்பதை மெதுவாக நினைவூட்டலாம். பலமுறை துவைத்த துணியில் சாயமும் ஆலையில் சேர்த்த வேதிப்பொருளும் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். குழந்தையின் தோலுக்கு அதுவே நல்லது என்றுதான் இன்றைய நுகர்வோர் ஆலோசகர்களும் சொல்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் பழசாக வாங்கலாம் என்று சொல்வதற்கில்லை. காரில் பொருத்தும் குழந்தை இருக்கையை, முன்பின் தெரியாதவரிடம் வாங்கக்கூடாது. விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. நெருங்கிய உறவினரிடம், அதன் வரலாறு தெரிந்து வாங்கலாம், இல்லையென்றால் புதிது. கார் இல்லாமல் உபான் ரயிலிலேயே வாழ்பவர்கள் மருத்துவமனையிலிருந்து வரும் ஒரு பயணத்துக்கு இரவல் வாங்கினால் போதும். படுக்கையில் கூடுதல் பொருளே ஆபத்து. ஓராண்டு வரை குழந்தை பெற்றோரின் அறையில், தன் சொந்தக் கட்டிலில், உறுதியான மெத்தையில், மல்லாந்து, தூக்கப்பைக்குள் படுக்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. தலையணை, போர்வை, பஞ்சு வளையம், பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். கடைகள் விற்கும் அலங்காரத் தொகுப்பில் பாதி, வாங்கக்கூடாத பொருள். நம் ஏணையும் தூளியும் பகலில் கண்காணிப்பில் ஆட்டுவதற்கு நல்லவை. இரவுக்குக் கட்டிலே சரி.

அரையாடை வாங்கும் கணக்கு சற்றுச் சிக்கலானது. ஒரு பிள்ளை கழிவறை பழகி முடிக்கும் வரை ஐயாயிரம் டயப்பர் ஆகும் என்று வைத்தால், ஒன்று 15 சென்ட் வீதம் 750 யூரோ. குப்பையோ ஏறத்தாழ ஒரு டன். துணி அரையாடை மலிவு, குப்பையும் இல்லை. ஆனால் அது தானாகவே சுற்றுச்சூழலுக்கு நல்லதாகிவிடாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு, துவைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று காட்டியது. இயந்திரத்தை நிரப்பி, அளவான சூட்டில் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் பயன்படுத்தினால் மட்டுமே தெளிவான ஆதாயம். சூட்டு உலர்த்தியில் போட்டால் ஆதாயம் கரைந்துவிடும். ஆகவே பகலில் வீட்டில் துணி, இரவிலும் வெளியிலும் கடை டயப்பர் என்ற கலப்பு முறையே பல குடும்பங்களுக்குத் தாங்கும். சிறிய அளவு டயப்பரைச் சலுகை விலையில் மூட்டையாக வாங்கி அடுக்க வேண்டாம். பிள்ளை எவ்வளவு எடையில் பிறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

வீட்டின் மற்ற கசிவுகளை அடைக்கச் சரியான காலமும் இதுவே. ஜெர்மனியில் ஆள் ஒன்றுக்கு ஆண்டுதோறும் சுமார் 75 கிலோ உணவு வீட்டிலேயே குப்பைக்குப் போகிறது என்பது 2022ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கு. இருவர் வீட்டில் 150 கிலோ. நம் சமையலறையில் அது மீந்த சோறு, வாடிய கொத்தமல்லி, உறைபெட்டியின் அடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் முருங்கைக்காய். எட்டாம் மாதம் தொடங்கியதும் வீட்டிலிருப்பதைத் தின்று தீர்த்து, உறைபெட்டியைக் காலி செய்து, அந்த இடத்தில் பருப்பும் குழம்பும் ஒருவேளை அளவாகப் பிரித்து வைத்தால், பிரசவத்துக்குப் பின் கடைச்சாப்பாட்டுக்குப் போகும் பணம் நிற்கும். பத்தியக் கறிக்கான சரக்கை இடித்துத் தூளாக்கி வைப்பதும் அப்போதே. செவ்வாயும் வெள்ளியும் மைபாக்ஊஃபர் கால்வாய்க்கரையில் கூடும் சந்தையில், கடை கட்டும் நேரத்துக்குக் காய்கறி பாதி விலைக்கும் கீழே போகும். பேர்லின் குழாய்த்தண்ணீர் குடிக்கத் தக்கது. லிட்டர் ஒரு சென்ட்கூட ஆகாது. புட்டிப்பால் கரைக்கவும் அதுவே போதும். ஆனால் 1973க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயக்குழாய் இருக்கக்கூடும். அவற்றை 2026 ஜனவரி 12க்குள் அகற்றியிருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய கட்டடங்கள் நிறைந்த நொய்கெல்னில் ஒவ்வொரு கர்ப்பிணியும் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது. 2022 மார்ச்சுக்குப் பின் செய்துகொண்ட கைபேசி, உடற்பயிற்சிக்கூட ஒப்பந்தங்கள் தானாக நீண்டாலும் ஒரு மாத அறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, காரித்தாஸ் தொண்டு நிறுவனம் பங்கேற்கும் ‘ஷ்ட்ரோம்ஷ்பார்-செக்’ திட்டத்தின் ஆட்கள் வீட்டுக்கே வந்து மின்செலவை இலவசமாக ஆராய்ந்து சொல்வார்கள்.

வளைகாப்பும் முப்பத்தோராம் நாளும் இன்று மண்டபம், மேடை அலங்காரம், படப்பிடிப்பு என்று விரிந்துவிட்டன. ஒருமுறைதானே வருகிறது, அதிலுமா கணக்கு என்று கேட்பவர்களின் ஆசை புரியாததல்ல. உறவுகளை விட்டு வெகுதொலைவில் பிள்ளை பெறும் பெண்ணுக்கு நாலு பேர் கூடி வளையல் அடுக்குவது பெரிய பலம். அந்தக் கூடுகையை வெட்டச் சொல்லவில்லை. அதை வீட்டிலோ கோயிலிலோ நடத்தி, வருகிறவர்களிடம் பொம்மைக்குப் பதில் பிரசவத்துக்குப் பின் ஒரு வாரச் சாப்பாட்டையோ, ஒருநாள் துணி துவைப்பையோ பரிசாகக் கேட்டால், சடங்கு தன் பழைய பொருளைத் திரும்பப் பெறும். அது ஆதியில் தாய்க்கு ஆதரவு கூட்டும் சடங்குதானே.

கடைசி மறுப்புதான் மிக வலுவானது: வீட்டில் சிக்கனம் என்று பேசினாலே அதன் சுமை பெண்ணின் தலையில்தான் இறங்குகிறது. துணி அரையாடையைத் துவைப்பது யார், மலிவுக் காயைத் தேடி அலைவது யார், தன் பாலையும் பழத்தையும் குறைத்துக்கொள்வது யார்? இது உண்மை. எனவே ஒரு வரம்பு கட்டாயம் வேண்டும். தாயின் உணவு, அறையின் சூடு, அவளுடைய தூக்கம் மூன்றிலும் ஒரு சென்ட்கூட மிச்சம் பிடிக்கக்கூடாது. தூக்கத்தைக் கொடுத்து வாங்கும் சேமிப்பு, மருத்துவச் செலவாகத் திரும்பி வரும். தாள் வேலையும் துவைப்பும் தந்தையின் பொறுப்பு என்று முன்பே பேசி முடிவு செய்துகொள்ளும் வீட்டில்தான் சிக்கனம் நிலைக்கும்.

தகப்பனாகப்போகிறவர்களே, இந்த வாரம் கடைக்குப் போக வேண்டாம். ஒரு கோப்பு எடுத்து அதில் சம்பளச் சான்றுகள், வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு எண், வதிவிட அட்டையின் படி ஆகியவற்றைச் சேருங்கள். கர்ப்பகால ஆலோசனை நிலையம் ஒன்றில் நேரம் கேளுங்கள். கட்டிலையும் தள்ளுவண்டியையும் பக்கத்துத் தெருவிலேயே பிறகு வாங்கிக்கொள்ளலாம்.